கப்பலில் கிடைத்த உபசாரம்

சும்மா கிடைக்கிற எதையும் நான் நம்பியதில்லை. கல்யாணப் பந்தியில் கேட்காமலே இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினால், வடை தீர்ந்துவிட்டது போல என்று எட்டிப் பார்க்கிறவள் நான். அதனால் மகள் எங்களைக் கப்பலில் அனுப்பப்போவதாகச் சொன்னபோது, "இன்னாத்துக்கு?" என்றுதான் முதலில் கேட்டேன். அவள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். பாதி ஆயுசு அணுபுரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கிய மனுஷன், இப்போதுதான் வேனை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், நாலு நாள் நிம்மதியாகக் காற்று வாங்கட்டுமே என்றாள். அப்பாவுக்குக் காற்று வாங்க மாமல்லபுரம் போதாதா என்றேன். பதிலுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கக் கூட்டிப்போய்விட்டாள்.

சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, திருகோணமலையில் ஒரு பகல் முழுக்க நின்று, திரும்பி வரும் கப்பல் அது. செங்கல்பட்டிலிருந்து எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டவன் என் கொழுந்தன், இவருடைய ஒரே தம்பி. கருங்குழியில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறான். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்தவன். வழியெல்லாம் அவன் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுராந்தகத்தில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் அம்மா, போன மாசம்தான் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். அவளை விட்டுவிட்டுக் கடலைத் தாண்ட எனக்கு மனசே இல்லை.

கப்பலில் ஏறியதும் என் சந்தேகத்துக்கு நல்ல தீனி. எங்கள் அறைக் கட்டிலில் யாரோ துண்டை முறுக்கி அன்னப்பறவை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். இவர் அழகாயிருக்கிறது என்றார். நாம் இல்லாதபோது உள்ளே வந்தது யார் என்று நான் பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். சாயங்காலம் மேல்தளத்தில் எல்லோரும் கரைப் பக்கம் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கு சுற்றுவது தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் நம்ம ஊரை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறோமே என்று இருந்தது.

திருகோணமலைக்கு வந்து சேர்ந்த காலையில் நான் குளித்து, பட்டுப் புடவை கட்டி, கோணேசர் கோயிலுக்குத் தயாராக நின்றேன். எனக்கு முன்னே எழுந்து வெளியே போயிருந்த இவர் திரும்பி வந்தார். முகம் கழுவிய ஈரம் சட்டைக் காலர்வரை இருந்தது.

"இன்னிக்கு எறங்க வோணாம்மே. அல்லாரும் போவட்டும். கப்பல் காலியா கெடக்கும், நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

இந்த மனுஷன் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. தீபாவளியன்றுகூட வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். கோயில் வேண்டாமா என்றதற்கு, சாமி எங்கே போகிறார், இங்கிருந்தே கும்பிட்டுக்கொள் என்றார். எனக்கு அப்போதே உறைத்தது, என்னவோ இருக்கிறது.

கப்பல் நிஜமாகவே காலியாகிவிட்டது. நீச்சல் குளத்தில் ஆள் இல்லை, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நம்ம கோவளத்துக் கடல் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. இந்தத் துறைமுகத்திலோ சுற்றிலும் பச்சை மலை, நடுவில் அசையாத தண்ணீர். இரண்டு சாய்வு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஜூஸ் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வெயில் படுகிறது என்று என் நாற்காலியை அவரே நகர்த்திப் போட்டார். வீட்டில் தன் தட்டைக்கூட நகர்த்தாத மனுஷன்!

அம்மாவிடம் பேசலாம் என்று பையில் கையை விட்டால் என் போனைக் காணோம். சார்ஜ் இல்லை, அறையில் போட்டிருக்கிறேன் என்றார். சாவி அட்டையைக் கேட்டேன். அப்புறம் போகலாம் என்றார். அவருடைய போனைக் கேட்டேன். சிக்னல் இல்லை என்றார். ஆனால் கொஞ்ச நேரத்துக்கொரு தடவை அந்தச் சிக்னல் இல்லாத போனை எடுத்துக்கொண்டு, உயிர்ப்படகு தொங்குகிற மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். இந்த வயசில் வேறு எவளாவதா என்று ஒரு கணம் தோன்றியது. நடையைப் பார்த்தேன். காதல் பண்ணுகிறவன் நடை அது இல்லை.

காலைப் பலகாரத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அவரே தட்டு எடுத்து இட்லி, பொங்கல், பூரி என்று எனக்கு நிரப்பினார். எதிரில் உட்கார்ந்து மெதுவாக, "சாப்டு. நல்லா சாப்டு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் சாவுச் சேதியை வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் பிணம் எடுக்கும்வரை வாயில் பச்சைத் தண்ணீர் இறங்காது என்பதால், முதலில் சாப்பிட வைப்பார்கள். என் அப்பா போனபோது பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, நான் இட்லி சாப்பிட்டு முடிக்கிறவரை, இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் எப்படி என்று பேசிக்கொண்டே நின்றார். கை கழுவியபிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து யாராவது என்னை அன்பாகச் சாப்பிடச் சொன்னால், யார் போனது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

இன்னாங்க விஷயம் என்றேன். ஒன்றுமில்லை என்றார். வீட்டில் எல்லோரும் நல்லா இருக்கிறார்களா என்றேன். நல்லா இருக்கிறார்கள், நீ சர்க்கரை மாத்திரை போடுகிறவள், வயிறு காயக்கூடாது என்றார். நான் பூரியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டேன். என் அம்மாதான். சந்தேகமே இல்லை, என் அம்மாதான். நடுக்கடல் தாண்டி இருக்கிறோம், சொன்னாலும் முகம் பார்க்கப் போக முடியாது, கரைக்குப் போனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மறைக்கிறார். பெற்றவளுக்கு வாய்க்கரிசி போடவிடாமல் இங்கே ஜூஸ் குடிக்க வைக்கிறாரே, பாவி மனுஷா என்று வயிறு எரிந்தது.

மத்தியானம்வரை அவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கண்ணுக்குத் தெரிந்த மலையையெல்லாம் கோணேசர் மலை என்று நினைத்துக் கும்பிட்டேன். அம்மா வேண்டாம், வேறு யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வேண்டினேன். அப்படியேதான் வேண்டினேன், வார்த்தை மாற்றாமல். அவர் ஒரு வாய் டீயைத் தவிர எதுவும் தொடவில்லை என்பதைக் கண் பார்த்தது, புத்தியில் ஏறவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில்தான் எனக்கு வழி தெரிந்தது. நான் சாப்பிடாதவரை இவர் சொல்லப்போவதில்லை. சரி என்று சாதம் போட்டு, ரசத்தை ஊற்றி, வாய் வாயாக விழுங்கினேன். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீரை ஊற்றி இறக்கினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலித் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"சாப்ட்டேன். சொல்லுங்க. எங்கம்மாவா?"

"இல்ல" என்றார்.

"அப்பாடா!" என்றேன். நெஞ்சில் கை வைத்து, வாய் நிறையச் சொன்னேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு.

அவர் என் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"தம்பிம்மே" என்றார்.

விடியற்காலை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டானாம். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் இவர்தான் பெரியவர். இவர் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கப்பல் கரைக்குப் போக இன்னும் இரண்டு நாள் ஆகும், பிள்ளைகளை அதுவரை அழவைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று இவரே சொல்லியிருக்கிறார். அதைத்தான் காலையிலிருந்து அந்த மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். கப்பலை விட்டு இறங்கினால் கப்பல் வைஃபை இருக்காது, போன் கிடைக்காது என்றுதான் கோயிலுக்குப் போகாமல் இருந்தார்.

போனை என் பக்கம் திருப்பினார். என் அண்ணன் மகன் அங்கே நின்று வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தான். கருங்குழி வீட்டுத் தெரு, சாமியானா, பறை அடிக்கிறவர்கள். நடுவில் தாடையைக் கட்டி, நெற்றியில் காசு வைத்து, என் கொழுந்தன். அண்ணி அண்ணி என்று வாய் ஓயாதவன். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எந்த வாயால் அப்பாடா என்றேனோ, அந்த வாயை. ஐயோ, நீங்கள் என்னை என்ன நினைப்பீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"காலைல உங்கண்ணன்தான் போன் பண்ணாரு. பேரப் பாத்ததும் உங்கம்மாதான் போய்ட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நெனச்சிகினேதான் எடுத்தேன்" என்றார். "அம்மா இல்ல, தம்பின்னு அவரு சொன்னப்ப எனக்கும் மொதல்ல அப்பாடான்னுதான்மே இருந்துச்சு."

திரையில் பாடையைத் தூக்கினார்கள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன்.