அக்கா ஆடிய கன்றுக்குட்டி

1993ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. தக்காளி வரத்து உச்சத்தில் இருந்த வாரம். அப்பா நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குள் கூடைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் புறப்பட்டுப் போனார். அம்மா பால் கறந்தாள். அக்கா வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். ஆறரை மணிக்குத் தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடிப்பதும், அழுகல் தக்காளியைப் பொறுக்கித் தனியே குவிப்பதும் என் வேலைகள். காலையில் ராகிக் களி, மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். இவ்வளவும் நினைவில் இருக்கிறது என்று சொன்னால் அது பொய். விதைக் கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரியை அந்த வருடம் நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் தேதிக்கான பக்கத்தில் இவை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கடைசி வரிகளில் மட்டும் பென்சில் அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது: ‘அக்கா ஆடினாள். அப்பா அழுதார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.’

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்காவுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். முடிவு எப்படி வந்தாலும் அவளை அம்மாவின் தம்பிக்குக் கொடுப்பதென்று பங்குனியிலேயே பேசி முடித்திருந்தார்கள். மாமா மொரப்பூரில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதற்கு முன்பெல்லாம் வரும்போது எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவார். பேச்சு முடிந்த பிறகு அக்காவுக்கு வளையலும் ரிப்பனும் வந்தன. எனக்கு, “என்ன புள்ள, ஒழுங்கா படிக்கறயா?” என்ற கேள்வி மட்டும் வந்தது.

வீட்டிலும் அப்படித்தான். தினமும் ஒரு முட்டை அக்காவின் தட்டில் விழுந்தது. புதுப் பாவாடை தாவணி இரண்டு செட் எடுத்தார்கள். அவள் துணி துவைத்தால் கை கறுத்துவிடும் என்று அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஆக, கல்யாணம் என்பது மூத்தவளாகப் பிறந்ததற்காக அக்காவுக்குக் கிடைத்த பரிசு என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். அவளோ பரிசு வாங்கியவளைப்போல நடந்துகொள்ளவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். “பேசி முடிச்சாச்சு. குடுத்த வார்த்தைய மாத்துனா நாளைக்கு நம்மள எவன் மதிப்பான்?” என்று அப்பா சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. இரண்டு முறை மாட்டுக் கொட்டகையில் நின்று அழுததைப் பார்த்தேன். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அழவும் செய்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை ஒரு கலைக்குழு எங்கள் ஊருக்கு வந்தது. எழுதப் படிக்க வாருங்கள் என்று ஊர் ஊராக ஆடியும் பாடியும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். பத்துப் பேர், ஒரு வேன், நான்கு பறைகள். அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர்தான் தலைவி. நாங்கள் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். போகும் ஊரில் எல்லாம் அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றைத் தங்கள் நாடகத்தில் சேர்த்து ஆடவைப்பது அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் என்றார்கள்.

அந்த ஒரு பிள்ளை நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் தொடர்ந்து இரண்டு வருடம் நடனத்தில் முதல் பரிசு வாங்கியவள் நான். பள்ளிக்கூட வராந்தாவில் டீச்சர் முன்னால் முழு நடனத்தையும் ஒரு அடி பிசகாமல் ஆடிக் காட்டினேன். அவர் சிரித்தார்.

“நல்லாத்தான் ஆடற கண்ணு. ஆனா ஆடும்போது உன்ன நீயே பாத்துக்கிட்டிருக்கற.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, உங்கள் வீட்டில் நடந்த ஒன்றைக் கதையாகச் சொல்லுங்கள் என்றார். நான் ராஜாவும் கிளியும் வரும் கதை ஒன்றைச் சொன்னேன். “உங்க வூட்ல ராஜா இருக்காராம்மா?” என்று பறையடிக்கிற அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து என்னைச் சாப்பிடக் கூப்பிட அக்கா வந்து நின்றாள். டீச்சர் அவளையும் கேட்டார். அவள் முதலில் என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்தாள். பிறகு, எங்கள் பசுவின் கன்று பால் மறக்கும் முன்பே அதைக் காரிமங்கலம் சந்தைக்கு ஓட்டிப்போனதைச் சொன்னாள். போகும்போது கன்று நான்கு கால்களையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றதாம். கயிற்றை இழுக்க இழுக்கத் தலை மட்டும் முன்னால் போனதாம், உடம்பு வரவில்லையாம். சொல்லிக்கொண்டிருந்தவள் எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. அவள் கழுத்து நீண்டது, குதிகால்கள் ஊன்றின. பறையண்ணன் மெதுவாக ஒரு விரலால் பறையைத் தட்டத் தொடங்கினார்.

அந்தக் கன்றை நானும்தான் பார்த்தேன். அதற்குப் புல் போட்டதே நான். அது என்னுடைய கதையும்தான் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அக்காவையே எடுத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் டீச்சரே வந்து கேட்டார். அம்மா களைந்த அரிசியை உலையில் போட்டாள். “ஆடட்டுங்க. இதுதானே கடைசி. அவ அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்” என்றாள். அப்பா அந்த நாட்களில் விடிவதற்குள் மார்க்கெட் போய், மத்தியானம் திரும்பி, நேரே தோட்டத்துக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் தூங்கிவிடுவார். மறைப்பது சிரமமாக இல்லை. வியாழக்கிழமை முழுவதும் அக்கா ஒத்திகைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. கல்யாணப் பேச்சுக்குப் பிறகு அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். அதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, ஊரே ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நான் தோட்டத்துக்கு ஓடினேன். அப்பா வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா, அக்கா ஊரு முன்னாடி ஆடப் போவுது. மாமா வூட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?”

கடைசி வாக்கியம் என்னுடையது அல்ல, பெரியவர்கள் பேசிக் கேட்டது. ஆனால் நன்றாக வேலை செய்தது. அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடந்தார். அவருடைய ஒவ்வோர் எட்டுக்கும் நான் மூன்று எட்டு வைக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் எனக்குப் படபடப்பும் சந்தோஷமும்.

ஆட்டம் நடந்தது திரௌபதியம்மன் கோயில் எதிரில் இருக்கும் களத்தில். ஊரில் கூட்டம் கூட வேறு இடம் இல்லை என்பதால் கலைக்குழு அதைக் கேட்டு வாங்கியிருந்தது. அவர்களுக்கு அது வெறும் மைதானம். எங்களுக்கு அப்படி இல்லை. ஆண்டுதோறும் அங்கேதான் பாரதக் கூத்து நடக்கும். கூத்தில் வேடம் கட்டியவர் உட்கார்ந்திருப்பவர்களில் யாரையாவது பார்த்து ஒன்று கேட்டால், கேட்கப்பட்டவர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். களத்தில் சொன்ன சொல்லை வெளியே வந்து மாற்றக் கூடாது. அது அம்மன் காதில் விழுந்த சொல். அப்பா ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிறவர். அன்றைக்கு அத்தனை கோபத்திலும் களத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

நாங்கள் போனபோது அக்கா நடுவில் நின்றிருந்தாள். காலில் சலங்கை, இடுப்பில் மஞ்சள் துணி. கன்றுக்குட்டி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கயிற்றின் ஒரு முனையை அவளே கையில் பிடித்திருந்தாள். மறு முனை மாட்டுக்காரர் வேடம் போட்ட குழுக்காரரின் கையில். அவர் இழுக்கிறார், இவள் மண்ணில் ஊன்றி நிற்கிறாள். பறை அதிர்ந்துகொண்டிருந்தது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நடுவுக்குப் போனார். கால் முழுக்கச் சேறு, தலையில் துண்டு. குழுக்காரர் அவரைப் பார்த்தார். இப்படி யாராவது ஆட்டத்துக்குள் வருவது அவர்களுக்குப் பழக்கம் போலும். அவர் சற்றும் தயங்காமல் கயிற்றின் முனையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கூட்டம் ஆரவாரித்தது.

“அடடே, நம்ம அண்ணனும் வேசங்கட்டிட்டாரு!”

“இழுங்கண்ணா! சந்தைக்கு நேரமாவுது!”

பறை சட்டென்று நின்றது. அக்கா அப்பாவைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் அவள் கயிற்றை விடவில்லை. நாடகத்தில் கன்று சொல்ல வேண்டியதாக டீச்சர் எழுதிக்கொடுத்திருந்த வார்த்தைகளை, எழுதியிருந்தபடியே சொன்னாள்.

“நா இன்னுங் கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டுமா?”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா கயிற்றைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம், கையில் கடிகாரம் இல்லை. பிறகு கயிற்றைக் கீழே விட்டார்.

“இரு சாமி. உன்ன யாரு ஓட்டறது? நீ இரு.”

கூட்டம் கைதட்டியது. பறை மறுபடி எழுந்தது. அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு களத்தின் ஓரத்துக்கு வந்து, என் பக்கத்தில்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அக்கா ஆடினாள். அதுவரை ஊன்றியிருந்த கன்று துள்ளித் துள்ளிக் களம் முழுவதையும் சுற்றி வந்தது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. அப்பா என்னை ஒருநாளும் சாமி என்று கூப்பிட்டதில்லை. நான் கூட்டிக்கொண்டு வந்த அப்பா. அவரையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

அக்கா அதற்குப் பிறகு ஆடியதே இல்லை. அந்த ஜூனில் பாலக்கோட்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறாள். மாமா இரண்டு வருடம் எங்களுடன் பேசவில்லை, பிறகு வேறு பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, பேசினார். நான் தோட்டத்துக்கு ஓடியதை அக்காவிடம் எனக்கு முப்பத்தெட்டு வயதானபோதுதான் சொன்னேன். “தெரியும். நீ அவரு பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வந்தத பாத்தனே” என்றாள். அவ்வளவுதான்.

அன்று இரவு ரசமும் அப்பளமும். அப்பா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அம்மா தட்டை எடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“எந்தம்பிக்கு என்ன பதில் சொல்றதுங்க?”

“களத்துல சொல்லிட்டேன்.”

“அது ஆட்டத்துல சொன்னதுங்க. அவங்க அப்பிடித்தான் எடுத்துக்குவாங்க.”

“ஆட்டந்தான். ஆனா எம்பொண்ணுதான கேட்டுது?”

அம்மா எழுந்து போய், அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து போட்டாள். முதல் கேள்வியைக் கேட்டபோது குரலில் இருந்த கவலை அம்மாவின் முகத்தில் இல்லை. கன்றுக்குட்டியிடம் சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டு பெரியவர்கள் ஏன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவின் ஆட்டத்தைத்தான் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. கூடைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஐந்தே முக்காலுக்கு அப்பா வெள்ளை வேட்டி கட்டி, காப்பிகூடக் குடிக்காமல் வாசலில் இறங்கினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். “மொரப்பூரு. மாமா வூட்டுக்கு” என்றார். காலில் விழுந்து கும்பிடப் போகிறவரைப்போல முகம் இறுகியிருந்தது. எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மாமாவையும் அழைத்துவந்து அக்காவின் ஆட்டத்தைக் காட்டப் போகிறார். அவர் முதல் பஸ் ஏறியதும், மாமா வந்து சேர்வதற்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று, பல்கூட விளக்காமல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், குதிகாலை மண்ணில் ஊன்றிக் கன்றுக்குட்டி ஆட்டத்தை ஆடத் தொடங்கினேன்.