சார்பைக் குறைக்கச் சொன்ன குற்றம்

ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவர் கைக்குப் போக, தள்ளுபடிக் கூப்பனின் அனுமதி வேண்டும் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். அப்படி ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதிய நிறுவனத்தார் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறார்கள்.

அங்கே பல ஆண்டுகளாக நிரல் எழுதும் ஒருத்திக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர். எந்தக் கூட்டத்திலும் "இதை அதுலேருந்து வெட்டிடலாம்" என்பதே அவள் யோசனை. கணவர் தையல்காரர். "நீ வெட்டறதோட நிறுத்திக்கற. நான் தைக்கவும் செய்யறேன். ஆனா சம்பளம் உனக்குத்தான்" என்பார். அவர் கடைக்கு வருவதெல்லாம் ஜிப் மாற்றும் வேலை. வீடு ஓடுவது அவள் சம்பளத்தில்.

மருத்துவமனைக்கான அந்த மென்பொருளில் சோதனைக்கூடம், மருந்தகம், படுக்கை என்று தனித்தனிப் பகுதிகள்; அவர்கள் பாஷையில் மாட்யூல்கள். ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடவேண்டும். பிரித்து எழுதுவதே அதற்குத்தான். ஆனால் பில் போடும் மாட்யூல் மேலாளருடைய மனைவியின் தம்பி கையில் இருந்தது. அலுவலகமே அவரை மச்சான் என்றுதான் சொல்லும். மச்சானைக் கேட்காமல் எதுவும் நகரக்கூடாது என்றார் மேலாளர். அப்படியே, பில்லைக் கேட்காமல் எந்த மாட்யூலும் நகராதபடி எழுதி வைத்தார்கள். உறவுமுறையை இவ்வளவு துல்லியமாக நிரலாக்கிய நிறுவனம் வேறு இருக்காது.

ஒருநாள் மச்சான் பில்லில் தள்ளுபடிக் கூப்பனுக்குப் புது விதி ஒன்றைச் சேர்த்தார். பில் நின்றது. கூடவே பரிசோதனை முடிவுகளும் நின்றன.

"பொட்டாசியம் எவ்வளவுன்னே தெரியாம நான் எப்படிங்க மருந்து குடுக்கறது?" என்று மருத்துவர் தொலைபேசியில் கத்தினார். நோயாளிக்கு மறுபடி ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பித்தான் காப்பாற்றினார்கள். "நேரம் சரியில்ல" என்றார் மேலாளர். சுவர்க்கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் கத்தரி திரையில் ஒரு வரியைக் காட்டினாள்: 'இங்கே சார்பு மிக அதிகம். உடனே குறைக்க வேண்டும்.'

மேலாளர் முகம் சிவந்தது. "நான் யாருக்குச் சார்பா இருக்கேன்னு சொல்ல வர்றீங்க?"

"மாட்யூலைச் சொன்னேன் சார். ஒண்ணு இன்னொண்ணைச் சார்ந்திருக்குல்ல, அந்தச் சார்பு."

"எங்களுக்கும் தமிழ் தெரியும்மா."

"கத்தரி அக்கா மச்சானைச் சொல்லல சார்" என்று பின்வரிசைக் குரல் ஒன்று எண்ணெய் ஊற்றியது.

கத்தரி கொஞ்சம் யோசித்தாள். "நான் மாட்யூலைத்தான் சொன்னேன். ஆனா யோசிச்சுப் பாத்தா, நீங்க எடுத்துக்கிட்ட அர்த்தமும் சரியாத்தான் இருக்கு சார்."

எதையும் எதிலிருந்தும் பிரிக்கவே முடியாது என்று சாதித்து வந்தவர்கள், அவளை மட்டும் அன்று மாலைக்குள் பிரித்துவிட்டார்கள். பணியிடை நீக்கம். பரிசோதனை முடிவுகள் நின்றதற்குக் காரணமும் அவளுடைய கவனக்குறைவாம்.

"இப்ப யாரை வெட்டிட்டு வந்த?" என்றார் கணவர்.

"என்னைத்தான் வெட்டிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை.

இப்போது விசாரணை நடக்கிறது. விசாரிப்பவர் மேலாளர், சாட்சி மச்சான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சார்பற்ற விசாரணை'.

அன்று பரிசோதனை முடிவுக்காகக் காத்துக் கிடந்தவர்களே, அது எந்த மருத்துவமனை என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடந்ததை உங்கள் பெயர் போட்டு அதன் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். மென்பொருளுக்குக் காசு கொடுப்பவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டால்தான் இந்த நிறுவனத்தாருக்குக் காது கேட்கும். தீர்ப்பு வருவதற்குள் எழுதுங்கள்.