ஒக்டோபர் ஞாயிறு, சிவனேஸ்வரி வீட்டில்

ஐந்து ஜன்னல்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி முன்னறையின் நடுவில் நிற்கிறார் சிவனேஸ்வரி. வெளியே ஈரக்காற்று. அது முன்ஜன்னலால் நுழைந்து, திரைச்சீலைகளைத் தூக்கி, அடுப்பிருக்கும் குசினி வழியாகப் பின்வளவுக்குப் போகிறது. சோபாவில் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடக்கும் கணவர் யோகராஜா, "இஞ்சரும், மனுசர் விறைச்சுச் சாகப் போறம்" என்கிறார்.

"இன்னும் ரெண்டு நிமிசம். பழங்காத்துப் போகட்டும்."

ஐந்து நிமிடம் முடிந்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. ஹீற்றர் உறுமத் தொடங்குகிறது. மேசையில் ஒரு மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. அடுப்பில் பூசணி சூப் கொதிக்கிறது. கைகளைத் துடைத்துக்கொண்டு அவர் அறிவிக்கிறார்: "சரி. இனி ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

இதே சிவனேஸ்வரியை நீங்கள் மற்ற நாட்களில் லண்டன் மோர்டன் வீதியில் கண்டால் நம்பமாட்டீர்கள். ஐம்பத்து நான்கு வயது, குட்டையான உருவம், எப்போதும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போன்ற நடை. பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறார். சனிக்கிழமைகளில் கோயில், சாமான் வாங்குதல், யாருக்காவது ஆஸ்பத்திரித் துணை. ஆனால் ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் வாசற்படியைத் தாண்டமாட்டார். அழைக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "நவம்பர் வரட்டும், ஓடி வாறன். சனி எண்டாலும் வாறன். ஒக்டோபர் ஞாயிறு மட்டும் கேக்காதேங்கோ."

லண்டனில் இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. இங்கே தமிழர்களின் ஞாயிறு மண்டபங்களுக்குச் சொந்தமானது. மத்தியானம் ஒரு கலியாணம், பின்னேரம் ஒரு பிறந்தநாள். இரண்டுக்கும் நடுவில் கார் தரிப்பிடத்தில் நகை மாற்றுகிறவர்களை நானே கண்டிருக்கிறேன். வராதவர்களின் பெயர் சாப்பாட்டு மேசையில் பரிமாறப்படும். "அவவுக்குத் தன்னை வெள்ளைக்காரி எண்ட நினைப்பு" என்பார்கள். 'ஜேர்மன் அக்கா' என்ற பட்டமும் உண்டு. அதில் பாதி கேலி, பாதி உண்மை. லண்டனுக்கு வருமுன் சிவனேஸ்வரி பதினேழு வருடம் ஜேர்மனியில், காஸல் நகரத்தில் இருந்தவர்.

அந்த வீட்டுக்குள் போக ஒரு நடைமுறை இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக்கூடை. அதற்குள் தடித்த கம்பளித் துணியில் செய்த வீட்டுச் செருப்புகள், சிறிதும் பெரிதுமாக. சப்பாத்தைக் கழற்றி, கூடையில் காலுக்கு ஏற்றதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கம்பளத்தில் மிதிக்கலாம். இரண்டு வீடு தள்ளி இருக்கும் எனக்கு இந்த ஞாயிறுகளில் அனுமதி கிடைத்ததே ஒரு சலுகை. காரணம் கேட்டேன். "நீங்கள் கதைக்கிறது குறைவு. குடுத்ததைத் திண்டிட்டுப் பேசாமல் இருப்பியள்" என்றார்.

கொடுப்பது பெரும்பாலும் பிளம்ஸ் கேக். தட்டையான தட்டில் மாவைப் பரப்பி, பிளந்த பழங்களைக் கூரை ஓடு போல வரிசையாக அடுக்கிச் சுடுவது. யோகராஜாவுக்கு அதில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "இவ்வளவு புளிக்கு இதைக் கறி வைச்சிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே மூன்று துண்டு எடுப்பார்.

ஏன் ஒக்டோபர் என்று ஒரு நாள் கேட்டபோது, சிவனேஸ்வரி இடது கணுக்காலைத் தொட்டுக் காட்டினார்.

காஸலில் அவருக்கு இரண்டு வேலை. விடியமுன் ஒரு பள்ளிக்கூடம் கூட்டித் துடைப்பது. பின்னேரம் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவது. இடையில் ஜேர்மன் வகுப்பு. வீடு என்பது படுக்கை இருக்கும் இடம், அவ்வளவுதான். ஆறாம் வருடம், ஒக்டோபர் மாதத்தில், நனைந்த இலையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. வைத்தியர் ஆறு கிழமை வேலைக்குப் போகக்கூடாது என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். சிவனேஸ்வரி அழுதாராம். நோவுக்கல்ல, வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியாமல்.

"முதல் ரெண்டு நாள் பைத்தியம் மாதிரி. மூண்டாம் நாள் மத்தியானம் குசினியில கதிரையைப் போட்டு, காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறன். மூண்டு மணிக்கு வெய்யில் உள்ள வருது! மேசையில விழுந்து, சுவரில ஏறி, அலுமாரியில நிண்டு, போயிட்டுது. அந்த வீட்டுக்குள்ள வெய்யில் வாறது எனக்குத் தெரியாது. ஆறு வருசம் அங்க இருந்தனான். கால் முறிஞ்சபிறகுதான் அந்த வீட்டைக் கண்டனான்."

மேல்மாடியில் இருந்த ஜேர்மன்காரி பிளம்ஸ் கேக் கொண்டுவந்தார். வந்தவர் முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிறகுதான் சுகம் விசாரித்தாராம். அந்த ஆறு கிழமையும் வெளியே மரங்கள் மஞ்சளாகி, சிவப்பாகி, வெறுமையாகின. உள்ளே சிவனேஸ்வரி சூப் வைத்தார், தேத்தண்ணி குடித்தார், யோகராஜா வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது வெளிச்சமுள்ள வீடாக இருந்தது. கால் சுகமான பிறகு வேலைகளுக்குத் திரும்பினார். ஆனால் ஒக்டோபர் ஞாயிறுகளை விட்டுக்கொடுக்கவில்லை. மகனின் படிப்புக்காக லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது பாத்திரங்களுக்கு இடையே அந்தப் பழக்கமும் ஏறி வந்தது.

இந்த வருடம் அது ஏறக்குறையப் பறிபோய்விட்டது.

யோகராஜாவின் அண்ணன் இராஜேந்திரன் கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கும் கடை. அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் ஒக்டோபர் முதல் ஞாயிறுக்குத்தான் கிடைத்தது. நானூறு பேர். வரமாட்டேன் என்று சிவனேஸ்வரி ஜூன் மாதமே சொல்லியிருந்தார். இராஜேந்திரன் அதைப் பகிடி என்று நினைத்துவிட்டார். அன்று யோகராஜா கோட் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். மனைவி கொடுத்துவிட்ட பொதியை அண்ணனின் கையில் கொடுத்தார். குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் ஒலிவாங்கியில் சிவனேஸ்வரியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.

மறுநாள் இராஜேந்திரன் தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு வசனம். "இனி உங்கட வாசல் மிதிக்க மாட்டன்."

யோகராஜா பஸ் ஓட்டுகிறார். ஜேர்மனியில் இருந்த காலத்திலிருந்தே, மத்தியானம் ஒரு மணி இடைவேளையில் அண்ணனும் தம்பியும் தவறாமல் கதைப்பார்கள். கதைக்க ஒன்றும் இருக்காது. "என்ன சாப்பாடு?" "சோறுதான்." அவ்வளவுதான். அந்த அழைப்பு நின்றுபோனது. இரண்டு கிழமை யோகராஜா ஒரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் தனியே உட்கார்ந்திருந்தார். வீட்டில் வந்து குறை சொல்லவில்லை. சாப்பாடுதான் குறைந்தது.

மூன்றாவது ஞாயிறு நான் போனபோது ஜன்னல்கள் திறக்கப்படவில்லை. மெழுகுதிரியும் இல்லை. சிவனேஸ்வரி சேலை உடுத்து, கைப்பையோடு நின்றார்.

"நான் ஃபாரஸ்ட் கேட் போறன். போய் மன்னிப்புக் கேக்கிறன். இந்த மனுசன் சாப்பிடுறார் இல்லை. ஞாயிறு என்ன பெரிய ஞாயிறு."

யோகராஜா, "வேண்டாம், இரும்" என்றார். குரலில் போகச் சொல்லும் ஆசையும் இருந்தது. வெளியே மழை சன்னமாகத் தொடங்கி, பிறகு வாளியால் ஊற்றுவதுபோல் கொட்டியது. அந்த மழைக்குள் அழைப்புமணி அடித்தது.

வாசலில் இராஜேந்திரன். குடையில்லை. தலையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. கக்கத்தில் ஒரு பொதி.

"உள்ள வரேல்லை. கடையை மனுசியிட்டை விட்டிட்டு வந்தனான். இதைத் தந்திட்டுப் போகத்தான்." பொதியைப் பிரித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில், நாற்பத்து மூன்றாம் அளவில், புத்தம்புதிய கம்பளிச் செருப்பு. "அறுபதாம் பிறந்தநாளுக்கு ஆராவது செருப்புக் குடுப்பினமோ? கூப்பிட்டதுக்கும் வரேல்லை, செருப்பும் குடுத்துவிட்டிருக்கிறீர்!"

யோகராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். பிறந்தநாளுக்குக் கொண்டுபோன பொதிக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. சிவனேஸ்வரியோ மைத்துனரின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"அத்தான், உங்கட சப்பாத்துக்குள்ள தண்ணி நிக்குது."

"நிண்டால் நிக்கட்டும்!"

"காய்ச்சல் வரும். பேசுறதை உள்ள வந்து, காலைத் துடைச்சிட்டுப் பேசுங்கோ. நான் எங்கயும் ஓடேல்லை."

இராஜேந்திரன் உள்ளே வந்து, மாடிப்படியில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைப் பிழிந்தார். கூடையில் இருந்த எதற்குள்ளும் அவருடைய கால் நுழையவில்லை. கடைசியில் தான் கொண்டுவந்த பொதியைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சப்பாத்துக் காயும் மட்டும்தான்" என்று எச்சரித்துவிட்டுக் காலை விட்டார்.

பிறகு சாய்கதிரையில் அமர்ந்து, சிவனேஸ்வரி சொன்னபடியே பேசினார். "மூண்டு தரம் கூப்பிட்டவை, பிள்ளை. மூண்டு தரம். ஒருத்தரும் எழும்பேல்லை. நானூறு சனம் என்ரை முகத்தைப் பார்த்தது."

சிவனேஸ்வரி அவருக்கு எதிரே வந்து நின்றார். "அது பிழைதான் அத்தான். அந்த இடத்தில நீங்கள் எப்பிடி நிண்டிருப்பியள் எண்டு நான் யோசிக்கேல்லை. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வெளிக்கிட்டு நிக்கிறன். பாருங்கோ, சேலை."

இராஜேந்திரன் சேலையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "பிறகேன் வரேல்லை? வீட்டில அப்பிடி என்ன கிடக்கு?"

"நீங்கள் கடைசியாப் பகல்ல வீட்டில இருந்தது எப்ப?"

"கொரோனாவுக்குள்ள..."

"அப்பவும் கடை திறந்துதான் இருந்தது, அண்ணை" என்றார் யோகராஜா.

இராஜேந்திரன் யோசித்தார். மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. "அம்மா செத்த செய்தி வந்த அண்டு. அண்டைக்கு மத்தியானம் பூட்டினனான்" என்றார்.

அது நடந்து பதினான்கு வருடம். சிவனேஸ்வரி எழுந்துபோய் ஐந்து ஜன்னல்களையும் திறந்தார். "என்ன இது, விசரே!" என்று இராஜேந்திரன் கத்த, யோகராஜா மிகுந்த திருப்தியோடு, "அஞ்சு நிமிசம், அண்ணை. பழங்காத்துப் போகவேணும்" என்றார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

யோகராஜாவுக்கென்று சமைத்து வைத்திருந்த சூப் வந்தது. தேங்காய்ப்பாலும் மிளகும் போட்ட மஞ்சள் சூப். இராஜேந்திரன் முதற்கரண்டியில் "உப்பில்லை" என்றார். இரண்டாவது கோப்பையையும் முடித்தார். பிளம்ஸ் கேக்கைப் புளிக்கிறது என்று தம்பியோடு சேர்ந்து குறை சொன்னார். கால் இரண்டையும் ஹீற்றரை நோக்கி நீட்டினார். கடையைப் பற்றித் தம்பிக்குச் சொல்லத் தொடங்கினார். "செவ்வாய்க்கிழமை மரக்கறி கொண்டுவாறவன் இருக்கிறான் எல்லே, அவன்..." என்றார். அந்த வசனம் முடியவில்லை. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது தலை சாய்ந்து, வாய் திறந்து கிடந்தது.

யோகராஜா தன் கம்பளியை எடுத்து அண்ணனுக்குப் போர்த்திவிட்டார். கொஞ்சநேரம் பக்கத்திலேயே நின்றார். "இந்த மனுசன் பகல்ல நித்திரை கொண்டு நான் கண்டதில்லை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு குசினிக்குப் போய், மீதமிருந்த சூப்பைச் சட்டியோடு வாயில் வைத்துக் குடித்தார்.

மழை விட்டது. சிவனேஸ்வரி மெழுகுதிரியை ஏற்றினார். அப்போதுதான் இராஜேந்திரனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சிவனேஸ்வரி இரண்டு விரலால் அதைப் பக்குவமாக உருவியெடுத்துக் காதில் வைத்தார். மறுபக்கம் இராஜேந்திரனின் மனைவி. சண்டை எந்த அளவில் நிற்கிறது என்று பதறிக்கொண்டு கேட்பது எனக்கே கேட்டது.

"அக்கா, அவர் நித்திரை... ஓம், நித்திரை. இஞ்சதான், கதிரையில... ஐயோ, சுகமில்லாமல் இல்லை, சும்மா நித்திரை... பொய்யே சொல்லுறன்? பொறுங்கோ."

போனைக் காதிலிருந்து எடுத்தார். நுனிக்காலில் நடந்து சாய்கதிரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்து எங்கள் இருவரையும் அடக்கிவிட்டு, குறட்டை விடும் அந்த வாய்க்கு நேரே போனை நீட்டிப் பிடித்தார்.