மகள் வீட்டுத் திருகுகள்

கையில் தொழில் உள்ளவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு என்பார்கள். பத்துக்கத்தியாருக்குத் தொழில் கையில் பாதி, இடுப்பில் பாதி. பெல்ட்டில் ஒரு சின்னத் தோல் உறை, அதற்குள் மடக்குக்கத்தி. பெரிய அலகு, சின்ன அலகு, திருப்புளி, கத்தரி, அரம், டின் திறக்கிற கொக்கி, முள் எடுக்கிற சாமணம், கம்பி நறுக்கும் குறடு. எண்ணிப் பார்த்தால் எட்டுதான் தேறும். எட்டுக்கத்தியார் என்றால் வாய்க்கு நன்றாக இல்லை என்று தெருவே சேர்ந்து இரண்டை இனாமாகக் கொடுத்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை. வந்ததைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சின்ன வயதிலேயே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. துணி தைக்கிற ஆலையில் வெட்டுத்துணி கூட்டித் தள்ளப் போனவர், கூட்டுகிற சாக்கில் மெஷின்களுக்கு அடியில் படுத்து அவற்றின் வயிற்றைப் பார்த்தே தொழில் கற்றார். பிறகு அந்த ஆலைக்கே மெக்கானிக் ஆனார். பிறகு சொந்தமாகத் தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை போட்டார். சிபாரிசு கிடையாது. மாமன் மச்சான் கைதூக்கிவிட்ட கதை கிடையாது. அப்படி வந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்திப் பேசினால் சிலருக்குப் பொறுக்காது. நெஞ்சு இருக்கிறது, நிமிர்த்துகிறார்கள். இல்லாதவன் என்ன செய்வான்?

அந்தக் கத்தியும் அவரைப் போலத்தான் வந்தது. பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்து, ஓர் அலகுகூட அசையாமல் கிடந்தது. கடைக்காரன் அதை எடைக்குப் போட்டான். இவர் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அலகு அலகாக மலர்த்தி, சாணைபிடித்து இடுப்பில் மாட்டினார். அன்றிலிருந்து குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார். நூல் அறுக்க, சாக்குப் பிரிக்க, மூக்குக்கண்ணாடி முடுக்க, ஆப்பிள் சீவ, யார் காலிலாவது முள் ஏறினால் பிடுங்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மகள் கல்யாணத்தில் மைக் செத்துப்போனது. பெண்ணின் அப்பாவைக் காணவில்லை என்று சம்பந்தி வீட்டார் முகம் தூக்கிக்கொண்டு தேடினால், மனிதர் மேடைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிளக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். மைக் பேசியது. அதன் பிறகுதான் மாப்பிள்ளைக்கே மரியாதை.

ஒன்றை மட்டும் அந்தக் கத்தியால் சரிசெய்ய முடியவில்லை. மனைவி இறந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருக்க, இவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கூடத்து மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டார். கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னப் பெண்ணுக்கு மட்டும் தெரியும், மேலேயிருந்து அவள் தலையில் விழுந்தது எண்ணெய்ச் சொட்டு மட்டுமல்ல என்று.

அந்தப் பெண்ணை அவர்தான் வளர்த்தார். கத்தரியால் நகம் வெட்டிவிட்டார், சின்ன அலகால் பென்சில் சீவிக்கொடுத்தார். அப்பாவிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் உடைந்த சாமான் ஒன்றைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும் என்பதை அவள் சீக்கிரமே தெரிந்துகொண்டாள். அவர் குனிந்து வேலை செய்கிற நேரம்தான் பேசுகிற நேரம். டீச்சர் அடித்தது, தோழி கோபித்துக்கொண்டது எல்லாம் அப்போதுதான். வேலை முடிந்து கத்தியை ‘டக்’கென்று மடக்கினால் பேச்சும் மடங்கிவிடும்.

கட்டிக்கொடுத்த இடம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். மூன்றாவது மாடி வீடு. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிறவர். குழந்தை இல்லை. பத்துக்கத்தியார் அங்கே சும்மா போகமாட்டார். வேலை இல்லாமல் ஒரு வீட்டில் போய் உட்காருகிறவன் சோற்றுக்கு வந்தவன் என்பது அவர் கட்சி. வேலை இருந்தால் சொல்லு, வருகிறேன் என்பார்.

ஆகவே வேலை வந்தது.

முதலில் அலமாரிக் கைப்பிடி கழன்றது. மறு வாரம் குளியலறைத் தாழ்ப்பாள். பிறகு குக்கர் பிடி, ஜன்னல் கொக்கி, முகம் பார்க்கும் கண்ணாடி, கதவுக் கீல். ஒவ்வொன்றுக்கும் போன் வரும், மறுநாளே இவர் போய் நிற்பார். அவள் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். இவர் முடுக்குவார். திருகுகள் சின்னவை, வேலை சட்டென்று முடிந்துவிடும். உக்காருங்கப்பா, டீ போடறேன் என்பாள். பஸ் போய்விடும் என்று நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கிவிடுவார்.

அவளுக்கு அக்குளின் ஓரம் ஒரு கட்டி வந்திருந்தது. இது அவருக்குப் பிறகுதான் தெரியும். நாம் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. புருஷனிடம், வேனல்கட்டி மாதிரி ஏதோ, தானே அமுங்கிவிடும் என்று சொல்லி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு உடம்பு நடுங்கும். அம்மா தன் காலால் நடந்து உள்ளே போய், நாலு பேர் தூக்க வெளியே வந்தவள். அப்பா கூட வந்தால் போவாள். ஆனால் ஒரு பெண் அப்பாவிடம் அந்த இடத்தில் கட்டி என்று எப்படி எடுத்ததும் சொல்வாள்? கொஞ்சம் சுற்றி வளைத்து, பால் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஆரம்பித்துத்தான் அங்கே வந்து சேர முடியும். அவள் வந்து சேருவதற்குள் கத்தி மடங்கிவிடும்.

இங்கே பத்துக்கத்தியாருக்கு வேறு கவலை பிடித்தது. தான் முடுக்கிய திருகு கழலுவதாவது? அவர் முடுக்கிய மெஷின்கள் ஆலையில் பகல் முழுக்கக் குதிரை மாதிரி அதிர்ந்து ஓடியும் ஒரு திருகு அசைந்ததில்லை. கண்ணாடித் திருகின் தலையில் புதுக் கீறல் இருந்ததைப் பார்த்தார். பொருந்தாத ஏதோ ஒன்றை வைத்து யாரோ திருப்பிய கீறல். விவரம் கெட்ட எவனோ கை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அத்தனை கூர்மையான கண், அதற்கு மேல் பார்க்கவில்லை.

கடைக்கு எதிரே டீ ஆற்றுகிறவர் அவருக்கு வயதொத்த சிநேகிதர். எரிகிற இடம் பார்த்து ஊதுவதில் கெட்டிக்காரர்.

“என்ன பத்துக்கத்தி, இன்னிக்கும் மக வீட்டுக்கா?” என்றார் கிளாஸைக் கழுவிக்கொண்டே. “முடுக்குறது நீ, கழலுறது அது. வயசாச்சுன்னா கை தளரத்தான் செய்யும். வெக்கப்படாம ஒத்துக்க.”

“என் கையா தளர்ந்துச்சு? உன் டீதான் தளர்ந்துபோச்சு. தண்ணிக்கு நெறம் அடிச்சுக் குடுக்குற.”

பதில் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் முள்ளாக நின்றது. அதைப் பிடுங்கச் சாமணம் உதவவில்லை.

இரும்பில் ஏறிய திருகு கழலாமல் பிடிக்க ஒரு சிவப்புப் பசை உண்டு. ஒரு சொட்டு விட்டு முடுக்கினால், சூடு காட்டினாலொழிய பிறகு அசையாது. மரத்தில் ஏறிய திருகு என்றால் ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி, மரப்பசை ஊற்றி முடுக்க வேண்டும். இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, மகள் வீட்டில் போய் இறங்கினார். அவள் முகம் மலர்ந்துபோனது. கூப்பிடாமல் அப்பா வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் செருப்பைக் கழற்றியதும் கதவுக் கீலில் ஆரம்பித்தார். ஒன்று விடவில்லை. கழன்றது, கழலாதது, இனி கழல நினைத்திருந்தது எல்லாவற்றையும் பிரித்து, பசை போட்டு, முழங்கை நரம்பு புடைக்க முடுக்கினார். அவள் டார்ச்சைப் பிடித்தபடி அறை அறையாகக் கூடவே வந்தாள். நடுவில், அப்பா, உங்ககிட்ட ஒண்ணு, என்று ஆரம்பித்தாள். டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு என்றார். காட்டினாள்.

“எல்லாத்துக்குமாப்பா?”

“எல்லாத்துக்கும்தான். வீடு இடிஞ்சாலும் திருகு நிக்கும்.”

“அப்ப நீங்க இனிமே வரவேண்டியதே இல்ல.”

“இல்ல பாப்பா. இனி உனக்கு அப்பன் தொந்தரவே கிடையாது.”

இதைச் சொல்லும்போது அவருக்கு எவ்வளவு பெருமை என்றால், கத்தியை மடக்கி உறையில் போட்டுவிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அவள் சிரித்தாள். சிரித்தபடியே டார்ச்சை அணைத்தாள்.

அதன் பிறகு போன் இல்லை. பத்துக்கத்தியார் டீக்கடையில் மார்தட்டினார். ஒரு திருகு அசைந்ததா, ஒரு போன் வந்ததா, யார் கை தளர்ந்தது சொல் பார்ப்போம் என்று தினமும் ஒரு பாட்டம். சிநேகிதர் தோற்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டீக்குக் காசு வாங்காமல் விட்டார்.

ஒரே ஒரு தடவை போன் வந்தது. கடையில் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த நேரம். ஏதாவது கழன்றதா என்று பதறிக் கேட்டார்.

“இல்லப்பா. எல்லாம் கெட்டியா இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“சும்மாதான்.”

“நல்லது, வை. ஆள் நிக்குது.”

ஆள் நின்றது உண்மைதான். ஊசி வாங்க வந்த ஆள்.

மாப்பிள்ளை போன் செய்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவர், கையைத் தூக்க முடியாமல் கிடந்தவளைப் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். மாமா, நீங்க வந்துடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். டாக்டரம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பத்துக்கத்தியார் கட்டிலருகே போய் நின்றார். நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. கட்டிலின் சக்கரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. குனிந்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை. ஆனால் அவரால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

“அது ஆடட்டும்பா. உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“ஏம்மா சொல்லல?” என்றார்.

“சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“எப்ப?”

“அலமாரிக் கைப்பிடி. தாழ்ப்பாள். கண்ணாடி.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எல்லாம் நான் கழட்டுனதுதான். ரொட்டிக்கு ஜாம் தடவுற கத்தி இருக்குல்ல, அதால. கீல் மட்டும் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஸ்டூல்மேல ஏறிக் கழட்டுனேன்.”

அவர் ஆடுகிற சக்கரத்தையே பார்த்தார்.

“நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்பா. திருகப் பாத்தாலே யார் கை வச்சதுன்னு சொல்லிடுவீங்களே.”

“கீறல் பாத்தேன் பாப்பா,” என்றார். “எவனோ விவரம் கெட்டவன்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு. அது இருமலாக மாறி, நர்ஸ் ஓடி வர வேண்டியதாயிற்று.

அவள் போவதற்கு இருந்த கொஞ்ச நாளும் அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. கடை பூட்டிக் கிடந்தது. அவள் தூங்காத நேரத்தில் பேசச் சொன்னாள். அவருக்குப் பேச வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் குனிந்து கேட்டே பழகியவர், நிமிர்ந்து முகம் பார்த்து என்ன பேசுவார்? மெஷின் விலை சொன்னார், டீக்கடைக்காரரின் நையாண்டியைச் சொன்னார், அவள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன வீட்டில் கடிகாரம் நின்றிருந்ததையும், அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்ததில் பெண்ணின் முகத்தையே பார்க்காமல் திரும்பியதையும் சொன்னார். இத எங்கிட்ட சொன்னதே இல்லையே, இன்னும் சொல்லுங்க என்றாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. கேட்கத்தான் அவளுக்கு நேரம் இல்லாமல் போனது.

காரியங்கள் முடிந்தபின் மாப்பிள்ளை வீட்டைக் காலி செய்துவிட்டு லாரியோடு போனார். பத்துக்கத்தியார் கடையைத் திறந்தார். வயிறு கேட்காதே. கத்தியும் பழையபடி இடுப்பில்தான் இருக்கிறது. கை ஒன்றும் தளரவில்லை. இன்றைக்கும் அவர் முடுக்கினால் முடுக்கினதுதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தெருவில் அவரைப் பற்றி இப்போது வேறொரு பேச்சு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மெஷின் பார்க்கப் போனால் வேலையை முடித்துவிட்டு மனிதர் எழுந்து போவதில்லை. முதலில் கூலி போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். கூடக் கொடுத்தால் வாங்கவில்லை. பிறகு டீக்காக இருக்கும் என்று நினைத்தார்கள். டீ ஆறிப்போகும், அவர் அப்படியே இருப்பார்.

போன வாரம் அடுத்த தெருவில் தையல் தைத்துப் பிழைக்கிற ஒரு பெண் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் மகள் வயதுதான் இருக்கும். மெஷினின் பட்டை நழுவிக்கொண்டே இருந்தது, சரிசெய்து ஓட்டிக் காட்டினார். அவள் கும்பிட்டாள்.

“வேற ஏதாவது இருக்காம்மா?”

“இல்லீங்கய்யா, இது ஒண்ணுதான். நல்லா ஓடுது.”

“வேற ஒண்ணுமே இல்லையா?”

“இல்லீங்களே.”

“சரி. நீ தையி. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்.”

அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. முதியவரை எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வாள்? மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் தைத்தபின், சும்மா இருக்க முடியாமல், மழை எப்போது விடுமோ, துணியே காய மாட்டேன் என்கிறது என்றாள். பத்துக்கத்தியார் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, சொல்லும்மா என்றார்.