பிள்ளை நல்லாக் கீறுவாள்

இங்கே வந்த புதிதில், காலையில் பால் கொண்டு வரும் தனம் அக்கா வாசலில் நின்று, "இன்னாம்மா, பாப்பா கீறாளா?" என்று கேட்பார். "ஓம் அக்கா, விடிய எழும்பினதில இருந்து கீறிக்கொண்டுதான் இருக்கிறாள்" என்பேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போவார். மூன்று மாதம் கழித்துத்தான் விளங்கியது. இந்தப் பக்கத்துப் பேச்சில் 'கீறா' என்றால் 'இருக்கிறாள்'. எங்கள் யாழ்ப்பாணத்தில் கீறுவது என்றால் படம் வரைவது. மகள் வீட்டில் இருக்கிறாளா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ஐரோப்பாவில் டொச்சும் பிரெஞ்சும் படித்துப் பிழைக்கிற என் சிநேகிதிகள், தமிழ் நாட்டுக்குப் போனவளுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எனக்குப் பயம் பிடித்தது என் பேச்சைப் பற்றியல்ல, மகளுடைய பேச்சைப் பற்றி.

கத்தாரில் ஒரு லாண்டரியில் வேலை செய்தபோது செல்வத்தைச் சந்தித்து மணந்தேன். அவருடைய ஊர் உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம். இரண்டு வருடத்துக்கு முன், மகள் நிலானிக்கு நான்கு வயதாக இருக்கும்போது, இங்கே வந்துவிட்டோம். தோகாவில் எங்களுக்கு ஒரே அறை. அவள் நாள் முழுக்கக் கேட்டது என் குரலைத்தான், அதனால் என்னைப் போலவே பேசினாள். இங்கே பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே எழுந்து, "ரீச்சர், நான் ஒண்டு கதைக்கட்டோ?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அங்கே அவள் வாய் திறக்கவில்லை. இந்த வருடமும் டைரியில் அதையே எழுதி அனுப்பினார்கள்.

"பழகிடும், வுடு" என்றார் செல்வம், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே. என்னால் விட முடியவில்லை. ஏழு வயதில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபோது நானும் இப்படித்தான் ஒரு மரத்தடி வகுப்பில் பேசாமல் இருந்தேன். பேசாத பிள்ளை என்றார்கள். பிறகு பேச நினைத்தபோதும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பேசவில்லை. அந்தக் கூச்சம் கத்தார் வரைக்கும் என்னோடு வந்தது. நிலானி வீட்டில் எந்த நேரமும் படம் கீறுவாள். காலண்டர் தாளின் பின்பக்கம், சிமென்ட் தரை, தன் முழங்கால், எதையும் விடமாட்டாள். கை பேசினால் போதும், வாய் பேசத் தேவையில்லை என்கிற ஓரிடம் கிடைத்தால் பிள்ளை தப்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

உத்திரமேரூரில் ஒரு மாடி வீட்டில் சனிக்கிழமைகளில் டிராயிங் கிளாஸ் நடப்பதாகத் தனம் அக்காதான் நம்பர் வாங்கித் தந்தார். போன் செய்தேன். வரைதல் என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பதற்றத்தில் வருவது வீட்டுச் சொல்தானே.

"பிள்ளை நல்லாக் கீறுவாள் மிஸ். சொல்லிக்குடுக்கத் தேவையில்லை, எந்த நேரமும் கீறிக்கொண்டே இருப்பாள்."

"யாரைம்மா கீறும்?"

"ஆரெண்டு இல்லை மிஸ். முன்னால இருக்கிற ஆக்கள் எல்லாரையும்."

"சின்னப் பசங்க வர்ற இடம்மா இது. நகத்த வெட்டி, கொஞ்சம் அடக்கி வெச்சிட்டு அப்புறமா கூப்டுங்க."

போன் வைக்கப்பட்டது. நான் நிலானியின் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். நகம் ஒட்ட வெட்டித்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற தனம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நீ இன்னா சொன்ன? உம் பொண்ணு அடுத்ததுங்கள பிராண்டும்னு நெனச்சிகினு கீது அது. போன்லாம் வோணாம், நேரா இட்டுகினு போ."

அந்தச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். தேவி மிஸ் இருபத்தைந்து வயதிருக்கும் பெண். கதவிலேயே நிறுத்தி, "கைய காட்டு" என்றார். நிலானி கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்தது இங்கேயும் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அவள் படம் கீறும் கொப்பியைத் திறந்து நீட்டினேன். தனம் அக்காவின் எருமை, கம்பெனி பஸ், தூங்குகிற செல்வம். மிஸ் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "வரையறதா? அத சொல்றதுக்கு என்னம்மா" என்று சிரித்து, அவளை ஒரு சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

ஒரு மணி நேரம் கீழே நின்றேன். அழுதுவிடுவாளோ, மூத்திரம் வந்தால் கேட்பாளோ என்று மூன்று தரம் பாதிப் படி ஏறி இறங்கினேன். நான்காம் தரம் மேலேயே போய்விட்டேன். கதவுக்குள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

"தே, அந்தப் பச்ச எனுக்கு வோணும். நீ ஊதாவ எட்த்துக்கோ. மல ஊதாவாத்தான் கீது, எங்க வூட்லேர்ந்து பாத்தா தெரியும்."

தெருவில் விளையாடுகிற பிள்ளைகளின் பேச்சு. யாரோ என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். நிலானி.

இதை எப்போது பழகினாள், யாரோடு பேசிப் பார்த்தாள், எனக்குத் தெரியாது. ஊமையாகிவிடுவாள் என்று நான் நித்திரை இல்லாமல் கிடந்த மாதங்களில் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பயம் விட்டுப்போன அதே நிமிடத்தில், எதையோ பறிகொடுத்தது போலவும் இருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகமும் குரலும் மாறின. "அம்மா, நான் இன்னும் முடிக்கேல்லை. கொஞ்சம் நில்லுங்கோ."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து, "எங்கம்மா போவணும்?" என்றார். நான் வாயெடுக்கும் முன்பே நிலானி, "திருப்புலிவனம், ரெண்டு பேரு" என்றாள். "அங்க நிப்பாட்டுவியளோ?" என்று நான் கேட்டேன். அவர் அவளைப் பார்த்து, "ஒங்க அம்மா வெளியூரா?" என்று கேட்டார். அவள் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆமா" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.