கூடாரத்து வாசலில் காய்ச்சிய பால்

“டென்ட்டில் படுக்க வேண்டியிருக்கும். பாம்பு வரும். பாத்ரூம் இருக்காது. உன்னால் ஆகுமா, யோசித்துச் சொல்லம்மா.”

நிலவியல் படிக்க இடம் கேட்டுப் போயிருந்தபோது ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டது இது. கன்னடத்தில் கேட்டார். கேட்பதற்கு முன், அப்பாவின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கட்டைவிரல் ரேகையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த ரேகையைப் பார்த்து யாராவது பேச்சின் தொனியை மாற்றினால் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

ஒன்பது வயதிலேயே டென்ட்டில் தங்கியிருக்கிறேன் சார் என்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனார்களா என்றார். இல்லை, என் மாமாவும் அத்தையும் கோடையில் வண்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள், கூட நானும் போனேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் போகிற இடத்துக்கு உன்னை எதற்கு அழைத்துப் போனார்கள்?

பதில் எனக்குத் தெரியும். ஆனால் கல்லூரியில் இடம் கேட்டுப் போன இடத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

நந்திதுர்க் பக்கம் எங்களுடையது லைன் வீடு, சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டியதில் ஒன்று. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த, அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குக் கொடுத்தது. முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. வாசல் பக்கத்தில் தாத்தா படுப்பார். முன்னறையில் அப்பா, அம்மா, நடுவில் நான். சமையலறையில் பாத்திரங்களை ஓரம் ஒதுக்கிவிட்டு மாமாவும் அத்தையும். மாமா என் அம்மாவின் தம்பி. அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, அம்மாவின் பழைய புடவை ஒன்று தொங்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் இங்கிருந்து தாத்தா நூறாயுசு என்பார். அதனால் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசப் பழகியிருந்தோம். அத்தை எல்லோரையும்விடத் தாழ்த்திப் பேசுவாள். அவள் பிறவியிலேயே மெல்லிய குரல்காரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாமாவுக்குப் பெங்களூரில் வேலை. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை மலைக்கு அழைத்துப்போகும் ஒரு சிறிய நிறுவனத்தில் வண்டி ஓட்டுவார், டென்ட் அடிப்பார், பிரிப்பார், காய வைப்பார். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். சனி ஞாயிறுகளில் எந்த ஊர் மலையிலாவது யாருக்காவது டென்ட் அடித்துக்கொண்டிருப்பார். புதிதாகக் கல்யாணமானவர்கள்தான் நிறைய வருவார்கள் என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு அத்தை இருந்த பக்கம் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார்.

அந்த மே மாதம் முதலாளியிடம் கெஞ்சி ஒரு பழைய ஆம்னி வேனையும் ஒரு டென்ட்டையும் சில நாட்களுக்கு வாங்கி வந்தார். ஜவ்வாது மலைக்குப் போகப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

“இன்னாடா, ஊடு வாசல் இல்லாதவனா நீ? மலைல போயி துணிக்குள்ள படுக்கறதுக்கு?”

அம்மா கொஞ்ச நேரம் துருவினாள். பிறகு, “சரி, பாப்பாவ இட்னு போ. அவளும் எங்க போயிக்கீறா, பாவம்” என்றாள். மாமாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். என்னை அழைத்துப் போக வேண்டுமே என்ற பொறுப்பில் அப்படி ஆகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

புறப்படும் நாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டபடி காதருகே சொன்னாள். அத்தை மாமாவைப் பெங்களூரில் தனியாக வீடு பார்க்கச் சொல்லி ஓதிக்கொண்டிருக்கிறாள். அவர் போய்விட்டால் இந்த வீடு எதை வைத்து ஓடும்? அப்பா ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக் கொண்டுவருவது அரிசிக்கே சரியாகப் போகிறது.

“அவங்க இன்னா பேசறாங்கன்னு கேட்டுனு வந்து சொல்லு. அவங்கள உட்டுட்டு எங்கியும் போவாத. படுக்கறப்போ நடுவுல படு. புரிஞ்சுதா?”

நன்றாகப் புரிந்தது. இத்தனை பெரிய வேலையை என்னை நம்பி யாரும் அதுவரை கொடுத்ததில்லை.

வண்டியில் எனக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. மாமா மூன்றாம் வகுப்போடு நின்றவர். பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வண்டி பலகையைத் தாண்டியிருக்கும். அதனால் நான் முன்னால் உட்கார்ந்து படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் கன்னடம். வி.கோட்டாவில் தெலுங்கு, கன்னடத்துக்குப் பக்கத்து வீட்டு எழுத்து மாதிரி இருந்ததால் அதையும் சமாளித்தேன். மலைப் பாதை இறங்கிப் பேர்ணாம்பட்டு வந்ததும் தமிழ். என் அறிவை நானே வியந்து பின்னால் திரும்பினால், அத்தை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு காற்றில் கண்ணை மூடியிருந்தாள். ஆம்பூரில் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வண்டிக்குள்ளேயே சாப்பிட்டோம். திருப்பத்தூரில் அத்தை ஒரு சிறிய எவர்சில்வர் பாத்திரம் வாங்கினாள். ஏற்கெனவே வண்டியில் பாத்திரம் இருந்தது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜவ்வாது மலை கண்ணில் பட்டபோது நான் பலகைகளை மறந்தேன். எங்கள் ஊரில் மலை என்றால் சயனைடு மேடு. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியிலிருந்து எடுத்த கல்லை அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடு. பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னால் அதைத்தான் வரைவேன். உலகத்து மலைகள் எல்லாம் அப்படி வந்தவைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

“மாமா, இது எந்த ஷாஃப்ட்ல எடுத்த மண்ணு?”

மாமாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். “யாரும் எடுத்துக் கொட்டல பாப்பா. தானா எழும்பனது.”

“தானா எப்டி எழும்பும்? யாராவது கொட்டனாத்தான எழும்பும்?”

“எனக்கு இன்னா தெரியும்? நீதான் படிக்கறவ. படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு.”

பின்னாலிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். யாரோ ரோட்டில் போகிறவர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அத்தை.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, பலா மரங்களுக்குக் கீழே ஒருவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அறுவடை முடிந்து கிடந்த சாமை வயலின் ஓரத்தில் இடம் பிடித்தோம். மாமா டென்ட் அடிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். கம்பிகளை வளைத்துக் கோத்தார், துணியை ஏற்றினார், முளைகளை அடித்தார். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு நீல நிற வீடு நின்றது. கையைத் தட்டி மண்ணை உதறிவிட்டு, மலைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற பழக்கத்தில், “மேடம், உங்க ரூம் ரெடி” என்றார்.

அத்தை உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

“கிழக்கு எந்தப் பக்கம்ங்க?”

“கிழக்கு பாத்த ரூம் வேணும்னா எக்ஸ்ட்ரா ஆகும் மேடம்.”

“வெளயாடாதீங்க. சொல்லுங்க.”

மாமா கை காட்டினார். அத்தை டென்ட் வாசலில் அடுப்பை வைத்து, புதுப் பாத்திரத்தை ஏற்றி, வழியில் வாங்கிய பாலை ஊற்றினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பால் மேலே வந்தது. அத்தை அடுப்பைக் குறைக்கவில்லை. “அத்தை, பொங்குது” என்றேன். “பொங்கட்டும் கண்ணு” என்றாள். வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. எங்கள் வீட்டில் பால் பொங்கினால் அம்மாவிடம் யாராக இருந்தாலும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். இவள் கொட்டிய பாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். மிச்சத்தில் சர்க்கரை போட்டு முதலில் எனக்குக் கொடுத்தாள். பிறகு வலது காலை எடுத்து வைத்து டென்ட்டுக்குள் போனாள்.

மாமா கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே இறுகியிருந்த முளைகளை எல்லாம் திரும்பவும் ஒருமுறை அடித்துக்கொண்டிருந்தார்.

நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். மாமா விறகு பொறுக்கப் போனால் அத்தையோடு இருந்தேன். அத்தை தண்ணீருக்குப் போனால் நானும் போனேன். இரண்டு பேரும் ஒன்றாக நடந்தால் நடுவில் புகுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ராத்திரி நடுவில் படுத்தேன். மறுநாள் மாமா ஒரு யோசனை சொன்னார். வண்டியில் சாமான் இருக்கிறது, யாராவது காவல் இருக்க வேண்டும், முன் சீட்டு முழுவதும் எனக்கே, ஹாரன்கூட அடித்துக்கொள்ளலாம்.

“அம்மா உங்கள உட்டுட்டு எங்கியும் போவக் கூடாதுன்னாங்க” என்றேன்.

“எங்க அக்கா இருக்காளே…” என்று ஆரம்பித்த மாமாவை அத்தை மறித்தாள். “உடுங்க. கொழந்த இருக்கட்டும்” என்று என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் டென்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் அத்தை உரக்கப் பேசினாள். தன் ஊர் ஏரியைப் பற்றி, சின்ன வயதில் மரமேறி விழுந்ததைப் பற்றி. மாமா வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

“ஏய், ஒனக்கு இவ்ளோ பெரிய கொரலா?”

“ஊட்ல எங்க பேச உட்டீங்க?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். வீடு பார்ப்பதைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

டென்ட்டைப் பிரித்த காலையில், அது நின்ற இடத்தை அத்தை ஒரு தழைக் கொத்தால் பெருக்கினாள். வயலைப் போய் யார் பெருக்குவார்கள்? அதையும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா என்னைத் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துப் போனாள்.

“இன்னா பேசனா? ரூமு, அட்வான்சு, எதாவது?”

“ஒண்ணும் பேசல.”

“பெங்களூரு?”

“இல்லம்மா. பெங்களூருன்னு ஒரு போர்டுகூட வரல.”

இவ்வளவு நம்பி அனுப்பியவளுக்கு வெறுங்கையோடு பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் இருந்ததைச் சொன்னேன். அத்தை இருக்கிற பாத்திரம் போதாதென்று புதுப் பாத்திரம் வாங்கினாள். கிழக்கு எது என்று கேட்டு டென்ட் வாசலில் பால் காய்ச்சினாள். வேண்டுமென்றே பொங்கவிட்டு வீணாக்கினாள். கிளம்பும்போது வெறும் தரையைப் பெருக்கினாள்.

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அம்மா குழாயை மூடவில்லை.

“நீ எங்க படுத்த?”

“நடுவுல.”

“எல்லா நாளுமா?”

“ஆமா. நீதான சொன்ன?” பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

அம்மா என் தலையில் கை வைத்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சில நாள் கழித்து, மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சோறு போட்டபடி அம்மா சொன்னாள்: “எத்தினி நாளுடா ரயில்லியே சாவ? பெங்களூர்லயே ஒரு ரூம் பாரு. அவளயும் இட்னு போயிடு.” மாமா கையை எடுக்காமல் அவளையே பார்த்தார். பணத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். “அத நான் பாத்துக்கறேன். நீ சாப்புடு” என்றாள். புடவைத் திரைக்குப் பின்னால் அத்தை அழுவது கேட்டது. தாத்தா வாசலிலிருந்து ஒருமுறை இருமினார்.

ஒரு பாத்திரம் பாலுக்காக அவர்களை வீட்டை விட்டே அனுப்புகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மாவோடு சண்டை போட்டேன். அத்தை இனிமேல் பாலைக் கொட்ட மாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழுதேன். அந்த மாதத்திலிருந்து அம்மா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். அதையும் மாமாவை அனுப்பியதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் ஆனது. கல்யாணமான நாளிலிருந்து அம்மாவும் அதே வீட்டில்தான், அதே தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று எங்கும் யாரும் பால் காய்ச்சவில்லை.

பேராசிரியர் எனக்கு இடம் கொடுத்தார். டென்ட்டுகளிலும் நிறைய நாள் தங்கினேன். மலை எப்படித் தானாக எழும்புகிறது என்று படித்து, ஒருநாள் பெங்களூரில் மாமாவின் வீட்டுக்குப் போய் அவருக்குச் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, அத்தை கூப்பிடுகிறாள் என்று எழுந்து போய்விட்டார். அடுத்த அறையிலிருந்து அவள் கூப்பிட்டது தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

போன மாதம் பெங்களூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் லைனில் பாதிப் பேர் ரயிலில்தான் போய் வருகிறார்கள். நானும் அப்படித்தான் செய்வேன் என்று அம்மா டிபன் டப்பாவெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். தாத்தா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் இப்போது அப்பாவையும் அம்மாவையும் தவிர நான் ஒருத்திதான், இன்னும் நடுவில். ரயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலில் இடம் பிடித்தேன்.

“படிக்க வெச்சா இப்டித்தான். பெத்தவங்க கசந்து பூட்டாங்க” என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமையாவது வருவாய்தானே என்று கேட்டாள். இந்த வாரமும் வரமுடியாது, வேலை இருக்கிறது என்று நேற்றே சொல்லிவிட்டேன்.