உறை ஊற்றிய குட்டை

வெம்பக்கோட்டைக்கு மேற்கே, மானாவாரிக் காட்டுக்கு நடுவில் பெத்தணன் ஒரு பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார். பருத்தி கைவிட்டு, மக்காச்சோளத்தைப் புழு தின்று தீர்த்த பிறகு, ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கென்று மிஞ்சிய ஒரே பெருமை அதில் புரண்ட கட்லா மீன்கள்தான். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் தண்ணீரின் நிறத்தைத்தான் போய்ப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் பாசி இருக்கிறது, மீனுக்குத் தீனி இருக்கிறது என்று அர்த்தம்.

குட்டைக்கு மேற்கே அவருடைய பம்புசெட்டு. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்து வரும் வேன் சாயங்காலம் அங்கேதான் நிற்கும். குருவம்மாளும் கூட வரும் பெண்களும் இறங்கி, தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவிக்கொண்டுதான் ஊருக்குள் போவார்கள். கழுவிய தண்ணீர் சரிவில் குட்டைப் பக்கம் வடியும். வெடிமருந்துக் கையோடு அடுப்பை நெருங்கக் கூடாது என்பது அந்த வீடுகளில் எழுதாத சட்டம். அலுமினியப் பொடி படிந்து அவர்கள் கை முழங்கை வரை வெள்ளியாக மின்னும். குருவம்மாளின் மாமனார் காலம் வரை பெத்தணன் வீட்டுக் காட்டில் கூலிக்கு உழைத்த குடும்பம். அங்கே கழுவ வேண்டாமென்று யாரும் சொன்னதில்லை.

ஆவணி கடைசியில் ஒரு நாள் குட்டையின் பச்சை வெளிறியது. மூன்றே நாளில் நுரை கட்டி நாற்றம் எடுத்தது. நான்காம் நாள் விடியலில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வயிறுகளாக மிதந்தன.

அன்று சாயங்காலம் வேன் வந்து நின்றதும் பெத்தணன் கத்தினார். "ஏளா குருவம்மா! கண்டதையும் கழுவி ஊத்தி எங் குட்டைய நாசமாக்கிட்டீகளேளா! ஒரு பய மீனு மிச்சமில்ல!"

"ஐயா, பத்து வருசமா இங்கனதான கழுவுறோம்? இன்னைக்கா மீனு செத்துச்சு?"

"எதிர்த்தா பேசுத?"

வேன் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவம்மாள் மின்னும் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நடந்தாள். முந்தின நாள் அவர்கள் கழுவித் தேங்கியிருந்த தண்ணீரை, ஆள் போன பிறகு, பெத்தணன் குத்தவைத்து ஒரு பாட்டிலில் மொண்டார். மறுநாள் தொட்டியைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்.

அந்தப் பாட்டிலையும் குட்டைத் தண்ணீர் ஒரு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கல்லூரி ஒன்றுக்குப் போனார். ஆலை மீது மனுக் கொடுக்க அவருக்குச் சாட்சி வேண்டியிருந்தது. நுண்ணுயிரியல் சொல்லித்தரும் அழகுமீனா என்ற ஆசிரியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

மேசை மேல் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் பாசி, நாற்றங்கால் மாதிரி பச்சையாகப் படர்ந்திருந்தது. "இது நீங்க கொண்டாந்த கழுவுன தண்ணி விட்டது. பாருங்க, பாசிக்கு ஒண்ணும் ஆகல." இரண்டாவது தட்டில் பச்சைக்கு நடுவே வட்ட வட்டமாக ஓட்டைகள். "இது குட்டைத் தண்ணி. பாக்டீரியாவ நிப்பாட்டுற வடிகட்டில வடிச்சுத்தான் விட்டேன். அப்பவும் இப்படித் தின்னுருக்கு."

"என்னதும்மா தின்னுச்சு?"

"வைரஸ்."

"பாசிக்குமா காய்ச்சல் வரும்?"

ஆசிரியை சிரித்துவிட்டார். பெரிய ஆய்வகத்திலிருந்து வந்த படத்தைக் காட்டினார். பட்டை தீட்டிய கல் மாதிரி, பல முகங்களோடு இருந்தது. வைரஸ் இனத்தில் இது பெரிய உருப்படியாம். நாலைந்து மரபணுவோடு காலம் தள்ளும் வைரஸ்கள் உண்டு. இது நூற்றுக்கணக்கில் டிஎன்ஏவில் சுமந்துகொண்டு அலைகிறதாம். பாசி உயிரணுவின் தோலில் ஓட்டை போட்டு அந்த டிஎன்ஏவை உள்ளே விடும். சில மணி நேரத்தில் உயிரணு வெடித்து, ஒன்று போன இடத்திலிருந்து நூறாக வெளியே வரும்.

"மீனை இது ஒண்ணும் செய்யாது. பாசி மொத்தமாச் செத்து அழுகுனதுல தண்ணில ஆக்சிஜன் தீந்துருச்சு. மூச்சு முட்டித்தான் செத்துருக்கு." அழகுமீனா நிமிர்ந்தார். "வேற எங்கனயிருந்தும் தண்ணி கொண்டாந்து ஊத்துனீகளா?"

"இல்லம்மா," என்றார் பெத்தணன்.

சொன்ன வாய் கசந்தது. மீன் சாவதற்கு ஒரு வாரம் முந்தித்தான், பச்சை பத்தவில்லை என்று, ஆனைக்குட்டத்துப் பக்கம் ஒரு குட்டையில் இரண்டு கேன் பச்சைத் தண்ணீர் மொண்டு வந்து, பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி ஊற்றியிருந்தார். "எங்க தண்ணியே நேத்துலருந்து வெளுக்குதுண்ணே" என்று அந்தக் குட்டைக்காரன் சொன்னதும் காதில் விழத்தான் செய்தது.

வீட்டில் மனைவி சண்முகத்தாய் தட்டை வைத்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் சொன்னாள்: "வேனை நிப்பாட்டி வச்சுத்தான வஞ்சீக? வேனை நிப்பாட்டித்தான் சொல்லணும்."

மறுநாள் மத்தியானம் முள்ளை இழுத்து அப்புறப்படுத்தினார். கையில் இரண்டு இடத்தில் ஏறியது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வேன் வரும் நேரத்துக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, சாலை ஓரமாக நின்று கையைக் காட்டினார். ஓட்டுநர் சங்கிலிமுத்து நிறுத்தினான். பெண்கள் இறங்கினார்கள்.

"குருவம்மா, உங்க மேல தப்பில்லத்தா. அது பாசிக்கு வந்த சீக்காம். சோதிச்சுச் சொல்லிட்டாக."

"சீக்கு எங்கிட்டிருந்து வந்துச்சாம்?"

அதைக் கேட்காமல் விடுவாள் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

"நான்தான்," என்றார். "ஆனைக்குட்டத்துலருந்து கேன்ல கொண்டாந்து ஊத்துனேன். அதுலதான் வந்துருக்கணும். சோதிச்ச அம்மாகிட்டகூட மறைச்சிட்டேன்."

"அப்ப அந்தக் கேனுக்கு யாரு முள்ளு வெட்டிப் போட?" என்றான் சங்கிலிமுத்து, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். குருவம்மாள் சிரிக்கவில்லை.

"கழுவிட்டுப் போங்கத்தா," என்று பெத்தணன் தொட்டியைக் காட்டினார். குரல் கெஞ்சியது அவருக்கே கேட்டது.

குருவம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கருத்த, காய்ப்பேறிய, சுத்தமான கைகள். அவற்றின் சொந்த நிறத்தை அவர் அன்றுதான் பார்த்தார்.

"நீங்க முள்ளப் போட்ட மறுநாளே ஆலையில சண்டை போட்டுக் குழாய் வாங்கிட்டோம். அங்கனயே கழுவிட்டுத்தான் வாரோம்." நாலடி நடந்தவள் திரும்பினாள். "மோட்டார நிப்பாட்டுங்க ஐயா. தண்ணி சும்மா ஓடுது."

வேன் போய்விட்டது. தொட்டி நிறைந்து வழிந்து அவர் செருப்பு நனைந்தது. பெத்தணன் உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார்.